நாலு மூட்டைத் தண்ணீர்

அயனாவரத்தில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனுக்கு முதலில் வந்து சேர்ந்தது இரும்பு ஸ்டாண்டுதான். தொட்டி இன்னும் வரவில்லை. வெல்டிங் பட்டறைக்காரர் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியேறும்போது, கீழ்வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஓனரம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாதுடா அது, பீரோ ஸ்டாண்டா?" மீன் தொட்டிக்கு என்றேன். எத்தனை மீன் என்று கேட்பார் என்று நினைத்தேன். "எவ்ளோ தண்ணி?" என்று கேட்டார்.

இது 2002 கடைசியில். எனக்குப் பதினாலு வயது. அந்தக் கேள்வியின் அருமை தெரிகிற வயதில்லை. ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்னால் அதே கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் பதினோரு மீன்கள் செத்திருக்காது.

அந்தக் கோடை விடுமுறையில்தான் முதல் தொட்டி வாங்கினேன். ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம், ஓரடி உயரம். அடியில் நீலமும் சிவப்புமாகச் சாயம் போட்ட கல், வாயைத் திறந்து திறந்து குமிழி விடும் ஒரு பிளாஸ்டிக் சிப்பி. கடைக்காரர் நல்ல மனுஷர்தான், நான் கைகாட்டியதையெல்லாம் பிடித்துக் கவரில் போட்டுக்கொண்டே இருந்தார். நாலு கோல்டு ஃபிஷ், நாலு மோலி, ரெண்டு ஏஞ்சல், ரெண்டு ஷார்க், ஒரு கௌராமி, கண்ணாடியில் பாசி தின்ன ஒரு சக்கர். மொத்தம் பதினாலு. "இத்தனையும் தாங்குமாண்ணா?" என்று கேட்டதற்கு, "பம்பு ஓடுதுல்ல, தாங்கும்" என்றார். அன்று ராத்திரி விளக்கை அணைக்க விடாமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி வெளுத்தது. சுத்தமில்லை போலிருக்கிறது என்று ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சை எடுத்து, துணி சோப்புப் போட்டுக் கசக்கி, குழாயடியில் நுரை போகும்வரை அலசி மாட்டினேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் அம்மா எழுப்பினாள். "மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குதுடா, பசி போல" என்றாள். நானும் பசி என்று நம்பி இன்னொரு சிட்டிகை தீனி போட்டேன். அதைவிடப் பெரிய தப்பு இருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. எட்டாம் நாளுக்குள் பதினொன்று போயின. இரண்டு மோலியும் சக்கரும் மட்டும் மிச்சம். செத்ததையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் முறத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு, முருங்கை மரத்தடியில் குழி தோண்டினேன். ஓனரம்மாவின் பூனை பக்கத்தில் வந்து மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடும் தைரியம் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கொளத்தூருக்குப் போனேன். சென்னையில் எந்தக் கடையில் வண்ண மீன் வாங்கினாலும் அது கொளத்தூர் வழியாக வந்ததாகத்தான் இருக்கும் என்று பள்ளியில் ஒருவன் சொல்லியிருந்தான். அங்கே தெருவுக்குத் தெரு, வீட்டுக்குப் பின்னால், மொட்டை மாடியில், கார் நிறுத்துகிற இடத்தில் என்று சிமெண்டுத் தொட்டிகள். மேலே வலை, வலைக்கு மேலே தென்னை ஓலை. ஆக்சிஜன் அடைத்த கவர்கள் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு அட்டைப் பெட்டிகளில் ஊருக்குப் போகக் காத்திருக்கும். அப்படி ஒரு வீட்டில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டிக்குள் இறங்கி நின்று கப்பி வடிகட்டிக்கொண்டிருந்தவரிடம் என் கதையைச் சொன்னேன்.

"எத்தினி மீன் வுட்ட?"

"பதினாலுண்ணா."

"தண்ணி எத்தினி லிட்டரு?"

முழித்தேன்.

"மீன எண்ணத் தெரியுது, தண்ணிய எண்ணத் தெரியலையா?" என்றார். பிறகு தொட்டியிலிருந்து ஏறி வந்து, பீடி பற்ற வைத்துக்கொண்டு, அவர் சொன்னதை இன்றுவரை எந்தப் புத்தகமும் அதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் படித்ததில்லை. "எல்லாரும் வாய்க்குள்ள போறத பாக்கறீங்க தம்பி. பின்னால வர்றத எவனும் பாக்கறதில்ல. அதுங்க துன்றது, பேல்றது, மூச்சு வுடறது எல்லாமே அந்தத் தண்ணிலதான். நம்மளைப் பதினாலு பேர ஒரு கக்கூஸ்ல வச்சுக் கதவ சாத்துனா எத்தினி நாள் இருப்போம்?"

விஞ்ஞானமும் அதுதான். மீனின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. அது விஷம். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் விஷம்தான். அதை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக்க இன்னொரு வகை வேண்டும். இந்த இரண்டும் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிப் பெருகுவதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகிவிடும். அதற்குள் பதினாலு மீனை இறக்கி, முளைவிட்ட கொஞ்சநஞ்சத்தையும் நான் சோப்புப் போட்டுக் கொன்றிருந்தேன். கல்லும் சிப்பியும் போக அந்தத் தொட்டியில் இருபத்தைந்து லிட்டர் நின்றிருந்தால் அதிகம்.

கொளத்தூர் அண்ணன் சொன்ன இன்னொன்றை அன்று நான் நம்பவில்லை. "புதுசா ஆரம்பிக்கிறவன் சின்னத் தொட்டி வாங்கவே கூடாது. பெருசுதான் சுளுவு" என்றார். வியாபாரம் பேசுகிறார் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நியாயம் புரியும். கல்லுக்கடியில் ஒரு மீன் செத்து, இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை என்றால், இருபத்தைந்து லிட்டரில் மற்றதும் காலி. நூறு லிட்டரில் தண்ணீர் கொஞ்சம் முகம் சுளிக்கும், அவ்வளவுதான். வெயில் ஏறினாலும் கரண்ட் போனாலும் பெரிய தண்ணீர் மெதுவாகத்தான் கெடும். அவரிடமே யாரோ திருப்பிக் கொடுத்த பழைய தொட்டி ஒன்று இருந்தது. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரம், எட்டு மில்லிமீட்டர் கண்ணாடி. பள்ளி திறந்து, அரைப் பரீட்சை முடிந்து, அம்மாவின் சீட்டுப் பணத்தில் கொஞ்சம் கழன்று வருவதற்கு டிசம்பர் ஆகிவிட்டது.

இந்த இடத்தில்தான் அப்பா உள்ளே வருகிறார். அப்பா ரேஷன் கடையில் எடை போடுபவர். அவருக்கு உலகத்தில் எதையும் முதலில் எடையாகப் பார்க்கத்தான் வரும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்தால்கூட "எழுவது இருப்பாரு" என்பார். ஸ்டாண்டு வந்த அன்று ராத்திரி, நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். மூணு பெருக்கல் ஒண்ணு பெருக்கல் ஒன்றரை, நாலரை கன அடி. கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர் சொச்சம். ஆக 127 லிட்டர். "லிட்டருக்கு ஒரு கிலோ. தண்ணியே 127 கிலோ" என்று அடிக்கோடிட்டார். கண்ணாடி இருபத்தெட்டு கிலோ. இரண்டு அங்குலத்துக்குக் கல் பரப்பினால் இருபது, இருபத்திரண்டு. ஸ்டாண்டும் மூடியும் பதினெட்டு. கூட்டிப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"நாலு மூட்டை அரிசிடா. நாலு காலு. காலுக்கு ஒரு மூட்டை."

விளிம்புவரை யாரும் ரொப்புவதில்லை, கல்லும் இடத்தை அடைக்கும், உண்மையில் தண்ணீர் நூறு லிட்டரைத் தொடாது என்று நான் வாதாடினேன். "கொறைச்சுக் கணக்குப் போடறவன் ரேஷன் கடைல இருக்கலாம். வூடு கட்டறவன் கூட்டித்தான் போடணும்" என்றார். தன் தொழிலைப் பற்றி அப்பா அடித்த ஒரே ஜோக் அதுதான்.

எங்கள் தளம் கான்கிரீட் இல்லை. மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் வரிசையாகக் கட்டைகள், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பு போட்டு இறுக்கியது. நூறு வருஷமானாலும் நிற்கும், ஆனால் எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று தெரிய வேண்டும். ஓனரம்மா தனக்குப் பழக்கமான ஒரு வயசான கொத்தனாரை வரவழைத்தார். அவர் மேலே வந்து தரையைப் பார்க்கவே இல்லை. கீழ்வீட்டு ஹாலில் நின்று அண்ணாந்து கட்டைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்தார். "கட்டையோட நீளத்துக்கு வச்சீன்னா ஒரே கட்டை தலைல மொத்த பாரமும் ஏறும். குறுக்க வை. மூணு கட்டை பங்கு போட்டுக்கும். நடுவுல வேணாம், செவத்தை ஒட்டி வை." ஸ்டாண்டின் கால் நேரே தரையில் குத்தக் கூடாது, அடியில் இரண்டு நீளப் பலகை கொடு என்றார். அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஓனரம்மாவுக்கு மனசு ஆறவில்லை. கொத்தனார் பையிலிருந்து நூல் கண்டை எடுத்தார். கீழ் ஹாலில், தொட்டி வரப்போகும் இடத்துக்கு நேர்கீழே, இந்தச் சுவரில் ஓர் ஆணி, அந்தச் சுவரில் ஓர் ஆணி. இடையில் நூலை வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டினார். ஸ்டூலின் மேல் ஏறி, நூலுக்கும் நடுக்கட்டைக்கும் இடையே ஓர் ஒற்றை ரூபாய் நாணயத்தைப் படுக்கவைத்து நுழைத்துப் பார்த்தார். உரசாமல் போய்வந்தது. "இப்ப ரொப்புங்க."

மேலே ஸ்டாண்டு, அதன் மேல் பலகை, பலகைமேல் தெர்மோகோல். ஒரு மணல் பருக்கை அடியில் மாட்டினாலே பாரம் ஏறியதும் கண்ணாடி விட்டுவிடும் என்பதால் தெர்மோகோலை அம்மா முந்தானையால் இரண்டு தரம் துடைத்தாள். பிறகு அடி பம்பிலிருந்து குடம் குடமாக நான் தூக்கிவர, அம்மா எண்ணிக்கொண்டே ஊற்றினாள். கல்லுக்குள் ஊறியது போக ஆறரைக் குடத்தில் வேண்டிய மட்டம் வந்தது. "ரெண்டு நாள் பாத்திரம் கழுவுற தண்ணி" என்றாள். நாலு மூட்டை என்ற கணக்கு ஒரு நொடியில் ஆறரைக் குடமாகிவிட்டது. நான் கீழே ஓடினேன். கொத்தனார் ஸ்டூலில் நின்றுகொண்டு நாணயத்தை நூலுக்கு மேலே நுழைத்தார். அவர் முகத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நாணயம் போயிற்று. கொஞ்சம் தயங்கியது என்று எனக்குத் தோன்றியது. அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க நூல் அப்படியே இருக்கட்டும், காலையில் திரும்பப் பாருங்கள் என்று கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். காலையிலும் போயிற்று. நூலை ஓனரம்மா ஒரு வருஷத்துக்கு மேல் அவிழ்க்கவே இல்லை. நாணயமும் ஜன்னல் மாடத்தில் தயாராக இருக்கும்.

தண்ணீர் தயாரானதும் கொளத்தூர் அண்ணன் தன் தொட்டியில் இருந்த ஒரு ஸ்பாஞ்சைப் பிழியாமல் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தார். பழுப்பாக, மண்ணும் சளியுமாக, பார்க்கவே சகிக்காது. "இத அலசாத. அப்படியே மாட்டு" என்றார். அம்மாவிடம் சொன்னதும் சட்டென்று புரிந்துகொண்டாள். "பாலுக்கு உறை ஊத்துறாப்பல." அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த ஸ்பாஞ்சுக்கு உறை என்றே பெயர். இரண்டு மோலியையும் சக்கரையும் மட்டும் விட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். மாதக் கணக்கில் ஆகிற வேலை உறையால் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது.

சரி, எத்தனை மீன் விடலாம்? கன்னிமாரா நூலகத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகம் காலனுக்கு ஓர் அங்குல மீன் என்றது. எந்த காலன் என்று சொல்லவில்லை. அமெரிக்க காலன் மூன்றே முக்கால் லிட்டர், இங்கிலாந்து காலன் நாலரை லிட்டர். ஒன்றில் என் தொட்டிக்கு முப்பத்துமூன்று அங்குலம் வந்தது, மற்றதில் இருபத்தெட்டு. அப்பாவிடம் காட்டினேன். அவர் அந்தக் கணக்கையே ஒப்புக்கொள்ளவில்லை. "நீளத்த வச்சு எவனாவது நிறுப்பானா? ஒரு மீனு ரெண்டு பங்கு நீளமாச்சுன்னா அகலமும் ரெண்டு பங்கு, தடியும் ரெண்டு பங்கு. எடை எட்டு பங்கு ஆயிருக்கும்டா." முப்பது ஓரங்குல மீனும் மூன்று பத்தங்குல மீனும் அந்தப் புத்தகத்துக்கு ஒன்றுதான். ஆனால் அப்பா கணக்கில் அந்த மூன்றும் நூறு மடங்கு எடை, கழிவும் அதற்கேற்ப. மெலிந்த சின்ன மீன்களுக்கு மட்டும் அந்த அளவு ஒருமாதிரி பொருந்தும். அதுவும் வளர்ந்தபின் என்ன நீளம் இருக்குமோ அதை வைத்து.

அந்தக் குளிர்நாட்டுக் கணக்கில் சென்னை வெயிலும் இல்லை. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மே மாதத்தில் எங்கள் மாடியில் முப்பதுக்குக் குறைந்து தண்ணீர் இருந்ததே கிடையாது. மீனுக்குக் காற்று மேல்பரப்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. பம்பு செய்வதும் பெரும்பாலும் அந்தப் பரப்பைக் கலக்கிவிடுவதுதான். அதனால்தான் ஒரே கொள்ளளவு என்றாலும் ஒல்லியாக உயர்ந்த தொட்டியைவிடப் படுத்த தொட்டி அதிக மீன் தாங்கும். வாய் குறுகின உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் வைத்து ரிசப்ஷன் மேஜையில் அலங்கரிப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் அந்த அலுவலகத்தில் வேலை முடியாமலே எழுந்து வந்துவிடலாமா என்றிருக்கும்.

ஷார்க் மறுபடி கேட்டபோது அண்ணன் கொடுக்க மறுத்தார். கடைகளில் இரண்டங்குலத்துக்கு வெள்ளியாய் மினுங்கிக்கொண்டு திரியும் அந்தக் குட்டி சுறாவே இல்லை. மேகாங் ஆற்றுக் கெளுத்தி, ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ஹோட்டல்களில் பாசா என்று துண்டு போட்டு வருவது அதுதான். "அது தொட்டி மீனே இல்ல தம்பி. கொழம்பு மீனு." என் சக்கரும் அப்படித்தான், கட்டைவிரல் அளவில் வந்தது ஒரு வருஷத்துக்குள் முழங்கை நீளத்துக்குப் போய், திரும்ப இடமில்லாமல் வாலால் கல்லை வாரி இறைத்தது. வில்லிவாக்கம் ஏரியில் விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அண்ணன் முதல்முறையாகக் கோபப்பட்டார். தென் அமெரிக்க மீன் அது, இங்கே அதைத் தின்ன ஆளில்லை, ஏரியில் பெருகி மீன்காரன் வலையைத்தான் கிழிக்கும் என்று திட்டிவிட்டு அவரே வாங்கி ஒரு சிமெண்டுத் தொட்டியில் போட்டுக்கொண்டார். கடைசியில் என் தொட்டியில் நின்றது எட்டு மோலி, பத்துக் கப்பி. பதினெட்டு. ஒன்றரையடியில் பதினாலைத் திணித்தவன், மூன்றடியில் கட்டைவிரலைவிடச் சின்னதாகப் பதினெட்டோடு நிறுத்திக்கொண்டேன். கப்பி குட்டி போட்டுக்கொண்டே இருந்ததால் அந்தக் கணக்கும் வாரத்துக்கு ஒருதரம் தப்பும். அதற்கும் கொளத்தூர்தான் போக்கிடம்.

2003இல் தண்ணீர் போயிற்று. புழலும் பூண்டியும் வறண்டன. எங்கள் தெருக் குழாய் வெறும் காற்றாகச் சீறிவிட்டு அடங்கியது. லாரி வரும் நேரத்துக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. மனிதர்கள் நிழலில் நின்றார்கள். அடி பம்பு நாளுக்கு நாள் கீழே போய், இரும்பு வாசனையோடு கரிப்புத் தண்ணீர் துப்பியது. கோல்டு ஃபிஷோ ஏஞ்சலோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, மோலிக்குக் கரிப்பு ஒரு பொருட்டில்லை. மெக்ஸிகோ கடலோரக் கழிமுகங்களில்கூட இருக்கிற ஜாதி அது. ஆனால் வாரத்துக்கு இரண்டு குடம் மாற்றியாக வேண்டுமே. உறை அம்மோனியாவைத் தின்னும், நைட்ரேட் சேர்ந்துகொண்டேதான் இருக்கும், அதை வெளியே எடுக்கத் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வழியில்லை. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் ஆறு குடம் வரிசையாக நிற்கும் அறையில், ஆறரைக் குடம் கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு நின்றது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவள் ஒரு நொடி நின்றுவிட்டுப் போவாள்.

எட்டு மோலியை ஐந்தாக்கினேன். கப்பிகளை மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கப் போனால், அண்ணனே பாதித் தொட்டிகளைக் காயவிட்டிருந்தார். பணம் கேட்காமல் வாங்கிக்கொண்டார். நானும் கேட்கவில்லை. மீன் குறைந்ததும் தண்ணீர் மாற்றுவதும் வாரத்துக்கு ஒரு குடமாகக் குறைந்தது. எடுத்த தண்ணீரை அம்மா வாளியில் பிடித்துக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவாள். தெருவிலேயே அந்தச் செடி ஒன்றுதான் பச்சையாக நின்றது.

2004 கோடையில், வீராணம் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒருநாள், லாரி இரண்டு நாளாக வரவில்லை. சாயங்காலம் படியில் மூச்சு வாங்கும் சத்தம். ஓனரம்மா. ஒன்றரை வருஷத்தில் அவர் மாடிக்கு ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. இடுப்பில் காலிக் குடம். தொட்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், ஸ்டாண்டின் கால், பலகை, சுவர் எல்லாவற்றையும். பிறகு அம்மாவைப் பார்க்காமல், மீன்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏம்மா, இதுல ஒரு ரெண்டு குடம் கெடைக்குமா? கக்கூசுக்குத்தான்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ட்யூபை எடுத்து ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சிக் குடத்தில் விட்டேன். முதல் குடம் நிறைந்தது. எங்கள் வாளியில் இரண்டாம் குடம். மோலிகள் இறங்கிக்கொண்டிருந்த மட்டத்தோடு சேர்ந்து கீழே வந்தன. கண்ணாடியில் பழைய மட்டம் இருந்த இடத்தில் உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது, அதிலிருந்து அரைச் சாணுக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்தில் தண்ணீர்.

ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"முப்பது கிலோ எறங்கிடுச்சும்மா. உங்க உத்தரத்துக்கு நல்லதுதான்."

ஓனரம்மா குடத்தை இடுப்பில் ஏற்றியபடி திரும்பினார். "அப்படின்னா இன்னும் ஒரு கொடம் எறக்கு" என்றார். "உத்தரம் இன்னும் நல்லாருக்கட்டும்."

எனக்கு முன்னால் அம்மா போய் அடுத்த பாத்திரத்தை எடுத்து வந்தாள்.